வன்னியில் விஞ்ஞானப் பிரிவு: கத்தோலிக்கப் பாடசாலை மாணவருக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையில்தான் வன்னியில் பல வீடுகளில் "பயோவா, மத்ஸா?" என்ற பேச்சுத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் பேச ஆரம்பித்தால் பாதித் தெரிவுகள் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருக்கும். பிள்ளை ஒன்பதாம் ஆண்டில் இருக்கும்போதே பார்க்க வேண்டிய விடயங்கள் உண்டு. அவற்றைப் பார்க்க வேண்டிய ஒழுங்கிலேயே கீழே தருகிறோம்.

முதலில் பாடசாலையின் வகையைக் கேளுங்கள்

பெயர்ப்பலகையில் 'றோ.க.' (றோமன் கத்தோலிக்க) என்ற எழுத்துகள் இருக்கும் பாடசாலைகள் வன்னியெங்கும் உண்டு. மிசனரிகளும் துறவற சபைகளும் கட்டியெழுப்பிய இவற்றில் பெரும்பாலானவை 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் அரசின் கைக்கு மாறின. பெயரும், சில இடங்களில் அருட்சகோதரிகள் அல்லது அருட்சகோதரர்களின் நிர்வாகமும், காலைச் செபமும் தொடர்ந்தாலும் பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம், அனுமதி எல்லாம் கல்வி அமைச்சின் சுற்றுநிருபப்படியே நடக்கின்றன. ஆகவே "கத்தோலிக்கப் பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு என்ன தகைமை?" என்று கேட்டால், அரச பாடசாலைக்குரிய அதே தகைமைதான்.

உண்மையில் கேட்க வேண்டியது பாடசாலையின் வகை. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலை 1ஏபி. உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளது 1சி. பதினோராம் ஆண்டோடு முடிவது இரண்டாம் வகை. மடு, துணுக்காய், முல்லைத்தீவு வலயங்களின் கிராமங்களில் இருக்கும் பாடசாலைகளில் பல இரண்டாம் வகையோ 1சியோதான். அங்கே எவ்வளவு நன்றாகப் படித்தாலும் பன்னிரண்டாம் ஆண்டுக்கு வேறு பாடசாலை தேட வேண்டும். மன்னார் புனித சவேரியார் ஆண்கள், பெண்கள் கல்லூரிகள், வவுனியா இறம்பைக்குளம் மகளிர் மகா வித்தியாலயம், கிளிநொச்சி புனித திரேசா பெண்கள் கல்லூரி ஆகியவை வன்னியில் கத்தோலிக்கப் பின்னணியுள்ள பெரிய பாடசாலைகள். வீட்டுக்கு அருகில் மத்திய கல்லூரியோ மகா வித்தியாலயமோ 1ஏபி தரத்தில் இருந்தால் அதையும் சம மரியாதையோடு பாருங்கள். பெயரைவிட ஆசிரியரும் ஆய்வுகூடமும் முக்கியம்.

அதிபரிடம் நேரில் போய்க் கேட்க வேண்டியவை: பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், இணைந்த கணிதம் ஒவ்வொன்றுக்கும் நிரந்தர ஆசிரியர் இப்போது இருக்கிறாரா? இடமாற்றம் கிடைக்கும் நிலையில் யாராவது இருக்கிறார்களா? ஆய்வுகூடத்தில் பன்னிரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் கிழமைக்கு எத்தனை தடவை கைப்படச் செய்கிறார்கள்? நான்கில் ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லையென்றால் அந்த ஒரு பாடத்துக்காகவே பிள்ளை பின்னேரங்களில் பஸ் ஏறி ரியூசனுக்கு அலைய வேண்டிவரும். அந்தப் பயணச் செலவையும் நேரத்தையும் இப்போதே கணக்குப் பாருங்கள்.

பத்தாம், பதினோராம் ஆண்டுகளில்

சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்கள். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். மிச்சம் மூன்றும் தொகுதிப் பாடங்கள். இதில் பெற்றோர் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள். தொகுதிப் பாடம் எதுவாக இருந்தாலும் விஞ்ஞானப் பிரிவின் கதவை அது மூடாது. தொழில்நுட்பப் பிரிவை நினைப்பவருக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பமும், அதிலுள்ள உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியலை நினைப்பவருக்கு விவசாயப் பாடமும் பின்னால் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

சமயப் பாடத்தில் கத்தோலிக்கப் பிள்ளை கத்தோலிக்கம் எழுதும், அதே வகுப்பில் இருக்கும் இந்துப் பிள்ளை சைவநெறி எழுதும். இதை இலேசாக எடுக்க வேண்டாம். உயர்தரத்துக்குக் கேட்கப்படும் திறமைச் சித்திகளில் சமயப் பாடத்தின் 'சி'யும் எண்ணப்படும்.

உயர்தரத்துக்குப் போக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அந்த ஆறில் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும், மூன்று பாடங்களாவது 'சி' அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 'எஸ்' 35 புள்ளியில் தொடங்குகிறது, 'சி' 50இல், 'பி' 65இல், 'ஏ' 75இல். உயிரியல் பிரிவுக்கு விஞ்ஞானத்தில் 'சி'யும், கணிதப் பிரிவுக்குக் கணிதத்தில் 'சி'யும் அடிப்படை. தொழில்நுட்பப் பிரிவின் நிபந்தனை இவற்றைவிட இலகு. விண்ணப்பம் அதிகமாக வரும் பாடசாலை 'பி' அல்லது 'ஏ' கேட்கலாம், ஆகவே விரும்பும் பாடசாலையில் அந்த ஆண்டின் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள்.

எங்கள் கணிப்பு இது: விஞ்ஞானத்தில் 'ஏ' எடுத்து கணிதத்தில் 'எஸ்' எடுத்த பிள்ளை உயிரியல் பிரிவிலும் கஷ்டப்படும். பௌதிகவியலில் கணிதம் இல்லாத பக்கம் குறைவு. இரசாயனவியலில் கணிப்பு அலகு ஒழுங்காக விளங்காவிட்டால் அதன் பின்னால் வரும் சமநிலை, இயக்கவியல் எதுவும் ஏறாது. சுட்டி, மடக்கை, விகிதம், நேர்கோட்டு வரைபின் படித்திறன் ஆகிய நான்கும் கையில் இருந்தால் பாதிக் கஷ்டம் போய்விடும். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கிடைக்கும் மாதங்களை இந்த நான்குக்கும் கொடுங்கள். உயர்தர விஞ்ஞானப் பாடங்களில் கணிகருவி பாவிக்க விடமாட்டார்கள், எல்லாம் கையால்தான்.

பாடச் சேர்க்கையும் அது மூடும் கதவுகளும்

உயிரியல் பிரிவு என்றால் உயிரியல், இரசாயனவியல், மூன்றாவதாகப் பௌதிகவியல் அல்லது விவசாய விஞ்ஞானம். கணிதப் பிரிவு என்றால் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை எடுப்பவர்களும் உண்டு. தொழில்நுட்பப் பிரிவில் பொறியியல் தொழில்நுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல், அதோடு தொழில்நுட்பவியலுக்கான விஞ்ஞானம், மூன்றாவதாகப் பட்டியலிலிருந்து ஒரு பாடம்.

பிழை நடப்பது இந்த மூன்றாம் பாடத்தில்தான். "பௌதிகம் கஷ்டம், விவசாயம் சுகம்" என்று மாறும் பிள்ளைக்கு மருத்துவமும் பல் மருத்துவமும் அந்த நிமிடமே மூடப்படுகின்றன, ஏனென்றால் அவற்றுக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். விவசாய பீடத்தை நினைப்பவருக்கு அது பிழையான தெரிவே இல்லை. அதேபோல இரசாயனவியலைக் கைவிட்டால் பொறியியல் பீடம் மூடப்படும், கணினி சார்ந்த பாடநெறிகள் திறந்திருக்கும். எந்தக் கதவு மூடுகிறது என்று தெரிந்துகொண்டு மாறுவது வேறு, பெறுபேறு வந்த பிறகு அறிவது வேறு.

தொழில்நுட்பப் பிரிவை இரண்டாந்தரமாகப் பார்க்கும் வழக்கம் வன்னியில் இன்னும் போகவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் மூன்றும் கிளிநொச்சி அறிவியல்நகரில்தான் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதியிலிருந்து தனிப் பல்கலைக்கழகம். அங்கே பிரயோக விஞ்ஞான பீடமும் தொழில்நுட்பவியல் கற்கைகள் பீடமும் உண்டு. ஒரு தலைமுறைக்கு முன் கொழும்புக்கோ பேராதனைக்கோ போக வேண்டியிருந்த படிப்பு இப்போது வன்னியிலேயே இருக்கிறது.

சொற்கள்: இணையத்தில் படிப்பவர் விழும் குழி

ஆசிரியர் இல்லாத இடத்தில் பிள்ளைகள் யூடியூப்பில் தமிழ்நாட்டு வகுப்புகளைப் பார்க்கிறார்கள். நல்ல விளக்கங்கள் அங்கே நிறைய உண்டு. ஆனால் கலைச்சொற்கள் வேறு, சில இடங்களில் ஒரே சொல் வேறு கணியத்தைக் குறிக்கும். நம் புத்தகத்தில் 'அமுக்கம்' என்பதை அவர்கள் 'அழுத்தம்' என்பார்கள். நமக்கு 'அழுத்தம்' என்றால் வோல்ற்றில் அளக்கும் மின் கணியம். நம் 'திணிவு' அவர்களுக்கு 'நிறை'. நம் 'நிறை' அவர்களுக்கு 'எடை'. 'நிறை 5' என்று வாசித்ததும் கிலோகிராமா நியூற்றனா என்று பிள்ளை குழம்பினால் கணக்கு முழுவதும் ஏறத்தாழ பத்து மடங்கு பிசகும்.

குழப்பம் தராத ஆனால் பரீட்சையில் எழுதக்கூடாத வேறுபாடுகளும் உண்டு: அவர்களின் முடுக்கம் நமக்கு ஆர்முடுகல், அதிர்வெண் நமக்கு மீடிறன், எலக்ட்ரான் நமக்கு இலத்திரன், நிலைமம் நமக்குச் சடத்துவம், ஒளிவிலகல் நமக்கு முறிவு, செல் நமக்குக் கலம். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரல் போட்டு, காணொளி பார்க்கும்போதெல்லாம் ஒரு சோடிச் சொல்லைச் சேர்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது நிரலில் ஆங்கிலச் சொல்லையும் எழுதினால் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டு ஆங்கில விரிவுரை அவ்வளவு அந்நியமாக இராது. அடிப்படைப் புத்தகமாகத் தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல்களையே வைத்திருங்கள். பாடநூல்களும் கடந்தகால வினாத்தாள்களும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆய்வுகூடம்

உயர்தர விஞ்ஞானப் பாடங்களுக்குத் தனிச் செய்முறைப் பரீட்சை இல்லை என்பதால் "செய்முறை தேவையில்லை" என்ற எண்ணம் பரவியிருக்கிறது. இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரை வினாக்களைப் பாருங்கள். பௌதிகவியலில் பரிசோதனை கேட்காத ஆண்டைக் காண்பது அரிது. எந்த உபகரணம், ஏன் அது, வாசிப்பை எப்படி எடுப்பாய், வழு எங்கே வரும் என்று கேட்பார்கள். கையால் செய்த பிள்ளை இரண்டு வரியில் எழுதிவிடும். மனப்பாடம் செய்த பிள்ளை அரைப் பக்கம் எழுதியும் புள்ளி எடுக்காது.

இரண்டு பரிசோதனைகளை மட்டும் விரித்துச் சொல்கிறோம். வன்னியில் அவை எங்கே பிசகும் என்பது எங்கும் எழுதப்பட்டிருக்காது.

முதலாவது நியமிப்பு. 0.1 மூலர்ச் செறிவுள்ள சோடியம் காபனேற்று நியமக் கரைசல் 250 மில்லிலீற்றர் செய்ய, நீரற்ற சோடியம் காபனேற்று 2.65 கிராம் வேண்டும். அதை முகவையில் கொஞ்ச நீரில் முழுதாகக் கரைத்து, கனமானக் குடுவைக்குள் புனலால் ஊற்றி, முகவையையும் புனலையும் மூன்று தடவை கழுவி அந்த நீரையும் உள்ளே சேர்த்து, பிறகு குறிவரை நிரப்புங்கள். குழாயியால் 25 மில்லிலீற்றர் எடுத்து, மெதைல் செம்மஞ்சள் இரண்டு துளி விட்டு, அளவியிலிருந்து ஐதரோகுளோரிக்கமிலம் விடுங்கள். மஞ்சள் நிறம் செம்மஞ்சளாக மாறும் துளியில் நிறுத்துங்கள். அடுத்தடுத்த வாசிப்புகள் 0.1 மில்லிலீற்றருக்குள் ஒத்துவர வேண்டும்.

இங்கே பிசகுவன: அமிலமும் 0.1 மூலராக இருந்தால் 50 மில்லிலீற்றர் தேவைப்பட்டு அளவி முழுவதும் முடிந்துவிடும், ஏனென்றால் ஒரு மூல் காபனேற்று இரண்டு மூல் அமிலத்தைக் கேட்கும். 0.2 மூலர் அமிலம் எடுத்தால் 25 மில்லிலீற்றரில் முடியும். மெதைல் செம்மஞ்சளுக்குப் பதிலாகப் பினோத்தலீன் விட்டால் 12.5 மில்லிலீற்றரிலேயே நிறம் போய்விடும், அங்கே தாக்கம் பாதி வழியில் இருகாபனேற்றில் நிற்கிறது. குழாயியையும் அளவியையும் எடுக்கப்போகும் கரைசலால் அலசுங்கள், நியமிப்புக் குடுவையை வெறும் காய்ச்சிவடித்த நீரால் மட்டும் அலசுங்கள். குடுவையைக் கரைசலால் அலசினால் அளந்ததைவிடக் கூடுதல் மூல் உள்ளே போகும்.

கிணற்று நீர் இந்த மண்ணுக்கே உரிய பிரச்சினை. நம் கிணறுகள் பலவற்றில் நீர் வன்மையானது, அதில் கரைந்திருக்கும் இருகாபனேற்று அமிலத்தைக் குடித்துவிடும், அளவி வாசிப்பு கூடிக் காட்டும். காய்ச்சிவடித்த நீர் முடிந்துபோனால் வாகன பற்றரிக்கு ஊற்ற விற்கும் நீரை வாங்குங்கள், பாடசாலைத் தேவைக்கு அது போதும். சந்தேகமென்றால் உப்பு எதுவும் போடாமல் அந்த நீரையே ஒரு தடவை நியமித்துப் பாருங்கள். முதல் துளியிலேயே நிறம் மாறினால் நல்ல நீர்.

இரண்டாவது எளிய ஊசல், வீட்டிலேயே செய்யலாம். மீன்பிடி வலையில் கட்டும் ஈயக்குண்டும் ஒரு மீற்றருக்கு மேல் நூலும் கைத்தொலைபேசியின் நிறுத்தற்கடிகாரமும் போதும். நீளத்தைத் தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் நடுவரை அளவுங்கள், முடிச்சுவரை அளப்பது வழமையான பிழை. ஒரு மீற்றர் ஊசலின் ஒரு அலைவுக்கு ஏறத்தாழ 2 செக்கன். கை அமத்துவதில் 0.2 செக்கன் பிழை வந்தால், ஒரு அலைவை மட்டும் அளப்பவருக்குக் காலத்தில் 10 சதவீதம் பிழை. காலம் வர்க்கமாக வருவதால் ஈர்ப்பு ஆர்முடுகலில் 20 சதவீதமாகிவிடும். இருபது அலைவுகளை அளந்தால் அதே கைப்பிழை ஈர்ப்பு ஆர்முடுகலில் 1 சதவீதத்துக்கு இறங்கும். "ஏன் இருபது அலைவுகள்?" என்ற வினாவுக்கு இதுதான் முழு விடை. ஆறு வெவ்வேறு நீளங்களுக்குச் செய்து, நீளத்துக்கு எதிராகக் காலத்தின் வர்க்கத்தைக் குறியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், அலைவை மையத்தைக் கடக்கும் இடத்தில் எண்ணுங்கள். அங்கே குண்டு மிக வேகமாகப் போவதால் கடக்கும் கணம் தெளிவாகத் தெரியும்.

உயிரியலுக்கு ஆய்வுகூடம் வெளியே இருக்கிறது. பாடத்தில் வரும் உலர் கலப்பு என்றும் பசுமையான காட்டைப் பார்க்க மடுவுக்குப் போகும் வழி போதும்: பாலை, வீரை, முதிரை, கருங்காலி. இரணைமடுவோ கட்டுக்கரைக்குளமோ நன்னீர்ச் சூழற்றொகுதிக்கு நல்ல உதாரணம். ஓகஸ்ட் 15 மடுப் பெருவிழாவுக்குக் குடும்பமாகப் போகும்போது பிள்ளை பத்து மரத்தைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டால் ஒரு அலகு பாதி முடிந்தது.

கூர்ப்புப் பாடம் பற்றி

சில கத்தோலிக்கப் பெற்றோர் உயிரியலில் கூர்ப்பு வருவதைப் பார்த்துத் தயங்குகிறார்கள். தயங்கத் தேவையில்லை. உயிரின் கூர்ப்புப் பற்றி ஆராய்வதைத் திருச்சபை தடுக்கவில்லை என்று 1950இலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் எழுதினார். 1996இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கூர்ப்புக் கொள்கை வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்றார். பரம்பரையியலில் பிள்ளை படிக்கும் மென்டல் ஒரு அகுஸ்தீன் சபைத் துறவி, பட்டாணியில் செய்த ஆய்வை 1866இல் வெளியிட்டார். அண்டம் விரிகிறது என்று 1927இல் எழுதிய லெமேத்தர் ஒரு குருவானவர்.

மறைக்கல்வி வகுப்பும் ரியூசனும் ஞாயிறு காலையில் மோதும் பிரச்சினைதான் நடைமுறையில் பெரிது. ரியூசன் வகுப்பைத் தெரிவு செய்யும்போதே பங்கின் பூசை நேரத்தைக் கேட்டுவைத்துத் தெரிவு செய்யுங்கள். பிள்ளைக்கு இரண்டு பக்க இழுபறி இருக்கக்கூடாது.

பரீட்சையின் அமைப்பு

பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் மூன்றுக்கும் முதல் வினாத்தாள் 2 மணித்தியாலம், 50 பல்தேர்வு வினா, ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன்தான். இரண்டாம் வினாத்தாள் 3 மணித்தியாலம்: நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்களும் கட்டாயம், பிறகு நான்கு கட்டுரை வினாக்கள். இரசாயனவியலில் அந்த நான்கும் இரண்டு பகுதிகளிலிருந்து இரண்டிரண்டாக வர வேண்டும். ஒரே பகுதியில் மூன்று எழுதிய பிள்ளைக்கு மூன்றாவது வீண். இணைந்த கணிதத்தில் இரண்டு வினாத்தாள்கள், ஒவ்வொன்றும் 3 மணித்தியாலம், பத்துச் சிறு வினாக்களும் ஏழில் ஐந்து பெரிய வினாக்களும்.

தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பரீட்சைகளைத் தவறவிட வேண்டாம். கடந்தகால வினாத்தாள் செய்யும்போது பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்தோடு ஒப்பிடுங்கள். விடை சரியாக இருந்தும் அலகு எழுதாமல், நிபந்தனை சொல்லாமல் புள்ளி போவது அங்கேதான் தெரியவரும்.

பாடசாலை மூலம் தோற்றுபவருக்கு 80 சதவீத வரவு வேண்டும். ரியூசனுக்காகப் பாடசாலையை வெட்டுவது பதின்மூன்றாம் ஆண்டில் விண்ணப்பம் நிரப்பும் நாளில் பிரச்சினையாக வரும்.

பரீட்சை அண்மைய ஆண்டுகளில் நவம்பரில், அதாவது நம் மாரியில். 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் நவம்பர் கடைசியில் வெள்ளத்தால் பரீட்சை இடையில் நிறுத்தப்பட்டது. குளம் வான்பாய்ந்தால் வீதி மூடும் கிராமத்தில் இருப்பவர்கள் பரீட்சை நிலையத்துக்கு அருகில் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்க முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் நீர் புகாத உறையில் இருக்கட்டும். பரீட்சை நின்றால் முடிந்த பாடத்தைப் பற்றிப் பேசவிடாமல் மிச்சப் பாடத்துக்கு அட்டவணை போட்டுக் கொடுங்கள்.

பெறுபேற்றுக்குப் பின்

பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சித்தியும், எல்லோரும் 'காமன் ஜெனரல்' என்று சொல்லும் பொதுப் பரீட்சையில் 30 புள்ளியும் வேண்டும். அந்தப் பரீட்சையைப் படிக்காமல் போய் எழுதி 30க்குக் கீழே எடுத்தால், மூன்று 'ஏ'யும் அந்த ஆண்டுக்கு உதவாது. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் போதும், ஆனால் அந்த ஒன்று வேண்டும்.

விஞ்ஞான இடங்களில் 40 சதவீதம் நாடு முழுவதற்குமான இசட் புள்ளித் (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் புள்ளி) தரவரிசைக்கு, 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைக்கு ஏற்ப, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. எந்த மாவட்டத்தில் கணக்கிடுவார்கள் என்பது பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் படித்த பாடசாலையைப் பொறுத்தது. உயர்தரத்துக்கு யாழ்ப்பாணம் அல்லது கொழும்பு விடுதிக்கு அனுப்பும் பெற்றோர் அனுப்ப முன் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் இந்த விதியை வரிவரியாக வாசியுங்கள். பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரத்தையும் கல்வி கற்ற காலத்துக்கான கடிதத்தையும் கவனமாக வையுங்கள்.

விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் போடும்போது கடந்த ஆண்டு உங்கள் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைப் பக்கத்தில் வைத்திருங்கள். எழுதாத பாடநெறிக்கு யாரும் தெரிவாவதில்லை, ஆகவே பட்டியலை ஐந்தாறோடு நிறுத்தாமல் போகச் சம்மதமான எல்லாவற்றையும் எழுதுங்கள்.

கிடைக்காவிட்டால் உயர்தரத்துக்கு மொத்தம் மூன்று தடவை தோற்றலாம். இரண்டாந் தடவை எடுப்பவர் இசட் புள்ளியை மட்டும் பார்க்காமல் எந்தப் பாடம் கீழே இழுத்தது என்று பார்த்து அந்தப் பாடத்துக்கு முதல் ஆறு மாதத்தைக் கொடுக்க வேண்டும். தனிப்பட்ட விண்ணப்பதாரியாகத் தோற்றினாலும் பழைய பாடசாலை அதிபரிடம் கேட்டு ஆய்வுகூடத்துக்குப் போய்வர அனுமதி வாங்குங்கள். காத்திருக்க முடியாத வீட்டுநிலை என்றால் கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. வாகனம், மின், உணவு போன்ற துறைகளில் அங்கே என்.வி.கியூ. (தேசியத் தொழில் தகைமை) சான்றிதழ் தரும் பயிற்சிகள் நடக்கின்றன. பெறுபேறு வந்த மாதத்திலேயே நேரில் போய் விண்ணப்பத் திகதியைக் கேட்டு வாருங்கள்.